மூஸ் பார்க்க மாலை நடை – பெர்யஸ்லாகன் காடு, சுவீடன்: குழு, காற்று, தூரம், நேரம்

வடகாடு
சுவீடனில் ஷின்ஸ்காத்தெபெரி ஊரை ஒட்டிய காடுகளில், உள்ளூர் வழிகாட்டியோடு மாலையில் நடந்து மூஸ் (வடநாட்டுப் பெரிய மான்) பார்க்கத் திட்டம். ஆகஸ்ட் மூன்றாம் வாரம். மொத்தம் பன்னிரண்டு பேர், அதில் 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வேனில் உட்கார்ந்தபடி காட்டுப் பாதைகளில் சுற்றும் சஃபாரி உண்டு, வேலிக்குள் மூஸ் வளர்க்கும் பூங்காக்களும் உண்டு. அவை வேண்டாம். தன்போக்கில் திரியும் மூஸை நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரி? எவ்வளவு கிட்டப் போகலாம்? பன்னிரண்டு பேரும் ஒன்றாகப் போகலாமா? எதனால் சொதப்பும் என்பதையும் சொல்லுங்கள்.

சதுப்புக்காரன்
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் போனால் அது நடைப்பயணமாக மட்டும்தான் இருக்கும். ஆளுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் வரிசை இருபது மீட்டரைத் தாண்டும். முன்னால் போகிறவர் கையைத் தூக்கி நிறுத்தும்போது கடைசி ஆள் இன்னும் சுள்ளியை மிதித்துக்கொண்டிருப்பார். ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு வழிகாட்டிகளோடு இரண்டு வேறு இடங்களுக்குப் போங்கள். ஒரே இடத்துக்கு அரை மணி நேரம் தள்ளி இரண்டாவது குழுவை அனுப்பும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் குழுவின் வாடை தரையில் கிடக்கும்.

நேரம்: அந்த வாரம் அங்கே சூரியன் மறைவது இரவு 8:35 வாக்கில். அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் கண்ணுக்குப் போதிய வெளிச்சம் இருக்கும். ஆக நல்ல நேரம் 7:45 முதல் 9:20 வரை. உட்காரும் இடத்தை 7:45க்குள் அடைய வேண்டும் என்றால் வண்டியை விட்டு 6:30க்கு இறங்க வேண்டும். தூரம் போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு. இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா என்று கேட்பீர்கள். ஆமாம். முப்பது நாற்பது காலடி நடந்து, நின்று, அரை நிமிடம் பார்த்து, கேட்டு, மறுபடி நடக்கும் வேகம் அது. வழிகாட்டி இதைவிட வேகமாக நடந்தால் அவர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருக்கிறார்.

ஜூன் பாதியில் கதை வேறு. சூரியன் இரவு 10:20க்குத்தான் மறையும், இரவு முழுக்க ஒரு மங்கல் வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். மூஸ் எப்போது வெளியே வரும் என்று கணிப்பது அதனாலேயே கடினம். செப்டம்பர் பாதிக்கு வந்தால் 7:20க்கே மறைவு, வெளிச்சமும் நாற்பது நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். உங்கள் ஆகஸ்ட் தேர்வு நல்ல தேர்வு.

அகிலா_டொரான்டோ
வெப்பநிலையையும் கணக்கில் எடுங்கள். மூஸுக்குக் கோடையில் 14 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உடல் சூட்டைத் தணிக்கக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் கனத்த மேல்மயிரோடு இருக்கும்போது அந்த வரம்பு மைனஸ் 5 என்கிறார்கள். அதனால் 24 டிகிரி அடித்த பகலுக்குப் பிறகு மாலை 7 மணிக்கு அது வெட்டவெளிக்கு வராது. ஸ்ப்ரூஸ் மர நிழலில் ஈரத் தரையில் படுத்திருக்கும். அப்படிப்பட்ட நாளில் கிளம்புவதை ஒரு மணி நேரம் தள்ளுங்கள். பகலில் மழை பெய்து மாலையில் விட்ட நாள்தான் மிக நல்ல நாள். ஈரத்தில் உங்கள் காலடிச் சத்தமும் அடங்கும்.

பலத்த காற்று வீசும் மாலை வீண். காதால் ஆபத்தை அறிய முடியாதபோது மூஸ் மறைவை விட்டு வெளியே வரத் தயங்கும்.

ஒஸ்லோ மாறன்
காற்றுப் பற்றி நான் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டால் இதிலைதான் முக்கால்வாசி நடையள் கெட்டுப்போறது. மூஸுக்குக் கண் பெரிசா உதவாது. அசையாமல் நிண்டால் ஐம்பது மீட்டரிலையும் உங்களை மரக்கட்டை எண்டு விட்டிடும். காதும் மூக்கும்தான் அதின்ரை பலம். வாடை போச்சுதெண்டால் நீங்கள் பாக்கிறதுக்கு முதலே அது போயிடும், அங்கை மூஸ் நிண்டதே உங்களுக்குத் தெரியாது.

வானிலை ஆப்பிலை "மேற்குக் காற்று செக்கனுக்கு 3 மீட்டர்" எண்டு போட்டிருக்கும். அது திறந்த வெளிக்கு. காட்டுக்குள்ளை மாலையிலை நடக்கிறது வேறை. பகலிலை சரிவு சூடாகிக் காற்று மேலை ஏறும். சூரியன் சாய்ஞ்சு நிலம் குளிரத் தொடங்கினதும் அதே காற்றுத் திரும்பிச் சரிவிலை இறங்கிப் பள்ளத்துக்கு வரும். இந்தத் திருப்பம் நீங்கள் குந்தியிருக்கிற நேரத்திலைதான் நடக்கும். ஆறரை மணிக்குச் சரியா இருந்த இடம் எட்டரைக்குப் பிழையா மாறுறது அதாலைதான். பள்ளத்திலை மூஸ் மேயும் எண்டு எதிர்பார்த்து மேட்டிலை இருந்தால், இருட்ட முதல் உங்கட வாடை நேரா அதுக்குத்தான் போகும்.

ஏரிக் குடாவிலையும் இதே கணக்குத்தான். இரவுக்குக் காற்று கரையிலை இருந்து தண்ணிக்கு இறங்கும். குடாவின்ரை உள் மூலையிலை, மூஸ் தண்ணிக்குள்ளை இறங்குற இடத்துக்குப் பின்னாலை நிக்காதேங்கோ. குடாவின்ரை வாயிலை நீட்டிக்கொண்டிருக்கிற முனையிலை இருங்கோ. காற்று மூஸைத் தாண்டித்தான் உங்களிட்டை வரும்.

காற்று எந்தப் பக்கமெண்டு பாக்கிறதுக்குச் சின்னப் போத்தலிலை முகப்பவுடர் போதும், அமத்தினால் புகை மாதிரி வரும். ஆகஸ்டிலை அதுவும் தேவையில்லை. ஃபயர்வீட் செடி வெடிச்சுப் பஞ்சு பறக்கிற காலம் அது. ஒரு காயைப் பிரிச்சுப் பஞ்சை விட்டால் முப்பது மீட்டர் வரைக்கும் அது எந்தப் பக்கம் வளைஞ்சு போகுது எண்டு வடிவாத் தெரியும். ஒவ்வொரு பத்து நிமிசமும் பாக்க வேணும்.

வடகாடு
அருமை அண்ணா. கொசு விரட்டி, சோப்பு, வாசனைத் தைலம் எல்லாம் தவிர்க்க வேண்டுமா?

ஒஸ்லோ மாறன்
வாசனைத் தைலம் தேவையில்லாத வேலை. ஆனால் மனுச வாடையே போதும் தம்பி, கொசு மருந்து பூசாட்டிலும் காற்றுப் பிழையெண்டால் பிழைதான். மருந்து பூசாமல் கையை வீசி வீசிக் கொசு அடிக்கிறதுதான் பெரிய கெடுதல், அசைவு தெரியும். பூசுங்கோ. டீட் உள்ள மருந்தெண்டால் கையைத் துடைச்சிட்டுத்தான் தொலைநோக்கியைத் தொட வேணும். பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அது இளக்கிப்போடும்.

கண்ணாடிக்காரர்
தொலைநோக்கி என்றதும் வந்துவிட்டேன். 8×42 வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். பத்து மடங்கு வேண்டாம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. ஒளிக்கற்றை கண்ணுக்குள் வரும், 10×42ல் 4.2 மி.மீ.தான். அந்தி மங்கலில் கண்பாப்பா விரிந்திருக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். கைநடுக்கமும் எட்டில் குறைவு. பையில் அடங்கும் 8×25 பகலுக்கு மட்டும்.

இருவருக்கு ஒன்று என்று பங்கு போட வேண்டாம். கைமாற்றும்போதுதான் பேச்சு வரும், மூடி கீழே விழும்.

வெப்பப்பட மோனோகுலர் (சூட்டைப் படமாகக் காட்டும் ஒற்றைக்கண் தொலைநோக்கி) பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே: வழிகாட்டியிடம் ஒன்று இருந்தால் பயன்தான், ஆனால் அதையே நம்பி நடக்கக் கூடாது. பகல் வெயிலில் சூடான கிரானைட் பாறைகள் மறைவுக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரம் மூஸ் போலவே ஒளிரும். இலைக்குப் பின்னால் இருப்பதை அது காட்டாது. வேன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கண்ணாடி மட்டும்தான் தெரியும், வெப்ப அலை கண்ணாடியில் புகாது.

படம் எடுப்பவர்களுக்கு: 300 மி.மீ. லென்ஸ், f/4, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, ஷட்டர் 1/125. மின்னணு ஷட்டர் போட்டு ஓசையை அணையுங்கள். ஃபோகஸுக்கு உதவ எரியும் சிறு விளக்கையும் அணையுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். ஃபிளாஷ் பேச்சுக்கே இடமில்லை.

சதுப்புக்காரன்
இடம் தேர்வுக்கு வருகிறேன். "காட்டுக்குள்ளே போனால் மூஸ்" என்று நினைப்பவர்கள் ஓங்கி வளர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டில் மூன்று மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புவார்கள். அங்கே அதற்குத் தின்ன ஒன்றுமில்லை, படுக்கத்தான் இடம். மேய்வது, மொத்தமாக மரம் வெட்டி மறுபடி நட்ட திடல்களில். வெட்டி ஐந்திலிருந்து பதினைந்து ஆண்டு ஆன, பைன் கன்று இடுப்பு முதல் தலைக்கு மேல் வரை நிற்கும் இடம் சரியான இடம். அதற்குள் பிர்ச், ரோவன், ஆஸ்பன், வில்லோ போன்ற இலை மரங்கள் தானாக முளைத்திருந்தால் இன்னும் நல்லது. ஆகஸ்டில் ஃபயர்வீடும் பில்பெர்ரிச் செடியும் விரும்பித் தின்னும். குளிர்காலத்தில் பைன் கிளை நுனிதான் பிரதான தீனி, அதனால்தான் வனத்துறைக்காரர்களுக்கு மூஸ் மேல் அவ்வளவு கோபம்.

படுக்கும் இருட்டுக் காடும் மேயும் திடலும் சதுப்பு ஓரமும் ஒன்றையொன்று தொடும் மூலையைத் தேடுங்கள். வரைபடத்தில் மூன்றும் சந்திக்கும் புள்ளியைக் குறித்து, அன்றைய காற்றைப் பார்த்து எந்தப் புள்ளி என்று முடிவு செய்வதுதான் வழிகாட்டியின் வேலை. "இன்றைக்கு எந்த இடம்?" என்று முந்தின நாளே கேட்டு, உறுதியான பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். மதியம் காற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பவர் நல்ல வழிகாட்டி.

வழியில் தடயம் பார்க்கும் பழக்கமும் வேண்டும். முதிர்ந்த மூஸின் குளம்படி 12 முதல் 15 செ.மீ. நீளம். ரோ என்ற சிறு மானுக்கு 4, 5 செ.மீ. தான். சேற்றில் பதிந்த குழியில் தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தால் அது சற்று முன் போயிருக்கிறது. தெளிந்திருந்தால் அவசரமில்லை. கோடைச் சாணம் பசுஞ்சாணி போல இளகி விழும். உருண்டையாகக் காய்ந்து கிடப்பது குளிர்காலத்தது, அதைப் பார்த்து மகிழ வேண்டாம். இரண்டு மீட்டர் உயரத்தில் பைன் தண்டு முறிந்து தொங்கினால் மூஸ் வேலை.

அகிலா_டொரான்டோ
உட்கார்ந்த பிறகு எதைத் தேடுவது என்பதையும் சொல்ல வேண்டும். முழு மூஸ் ஒருபோதும் முதலில் தெரியாது. செங்குத்தான தண்டுகளுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கறுத்த கோடு தெரியும், அது முதுகு. கால்கள் வெளிர் சாம்பல் நிறம்; உடல் நிழலில் கரைந்தாலும் கால் தெரியும். காது திரும்பும்போது உள்பக்கம் பளிச்சென்று காட்டும். இடமிருந்து வலமாகத் தொலைநோக்கியை மெல்ல நகர்த்தி, ஓரத்துக்கு வந்ததும் மறுபடி தொடக்கத்துக்குப் போங்கள்.

புயலில் சாய்ந்த மரத்தின் வேர்த்தட்டு தொலைவில் அப்படியே மூஸ் மாதிரி நிற்கும். குழுவில் ஒருவர் நிச்சயம் அதைக் காட்டிக் கூவுவார். கூவ வேண்டாம், இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். இடம் மாறாவிட்டால் வேர்.

வடகாடு
சரி, கண்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நெருங்கலாம்?

அகிலா_டொரான்டோ
நெருங்குவதே தேவையில்லை என்பேன். கனடாவின் தேசியப் பூங்காக்களில் மூஸுக்கு 30 மீட்டர் என்ற விதி உண்டு. அலாஸ்காவின் டெனாலியில் 25 யார்டு. இவை வண்டியும் சாலையும் கூட்டமும் உள்ள இடங்களுக்கான குறைந்த அளவு. நடைக்குழுவுக்கு 80, 100 மீட்டர் நல்ல தூரம். கன்றோடு தாய் நின்றால் அதற்கும் மேல். கன்று மே பாதி முதல் ஜூனுக்குள் பிறக்கும், ஒன்று அல்லது இரண்டு. ஆகஸ்டில் ஓடியாடும் அளவு வளர்ந்திருந்தாலும் தாய் விட்டுக்கொடுக்காது. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகும் நிலை வரவே கூடாது. கன்று தனியாக நின்றால் தாய் பின்னால் எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள்.

உடல்மொழி பாருங்கள். தலை நிமிர்ந்து இரண்டு காதும் உங்களை நோக்கினால் கவனிக்கிறது. அசையாதீர்கள், சில நிமிடத்தில் மறுபடி மேயும். காது பின்னால் படிந்து, பிடரி மயிர் சிலிர்த்து, உதட்டை நக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தினால் அடுத்தது பாய்ச்சல். அதற்கு முன்பே பின்வாங்க வேண்டும். பாய்ந்தால் ஓடலாம். கரடிக்குச் சொல்லும் விதி இங்கே பொருந்தாது, மூஸ் துரத்துவது விரட்டத்தான். நேரே ஓடி வெல்ல முடியாது, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். பெரிய மரத்துக்குப் பின்னால் போய் அதை நடுவே வைத்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு, தலையைக் கையால் மூடி, அது விலகிப் போகும்வரை எழாதீர்கள். அசைந்தால் மறுபடி வந்து மிதிக்கும். முதிர்ந்த ஆண் சாதாரணமாக 400, 500 கிலோ.

நாய் வேண்டாம். கயிற்றில் கட்டியிருந்தாலும் வேண்டாம். மூஸுக்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான், பெர்யஸ்லாகனில் ஓநாய்க் கூட்டங்கள் உண்மையாகவே இருக்கின்றன.

ரவி_உப்சாலா
செப்டம்பர் கடைசிக்கு மாற்றினால் இனச்சேர்க்கைக் காலம், பெண் மூஸ் குரலில் கூப்பிட்டால் ஆண் தானே வருமே? வேட்டைக்காரர்கள் செய்வதுதானே. பெரிய கொம்போடு பார்க்கலாம்.

சதுப்புக்காரன்
வரும். அதுதான் பிரச்சினை. எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை மீட்டரில் வந்து நிற்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. பெரும்பாலும் காற்றைப் பிடிக்கச் சுற்றிக்கொண்டு குழுவின் பின்னாலிருந்து வரும், அதாவது பிள்ளைகள் நிற்கும் பக்கமாக. அந்த நாட்களில் ஆண் தீனியை ஏறக்குறைய விட்டுவிட்டு, மற்ற ஆண்களோடு மோதும் எண்ணத்தோடு திரிகிறது. பொய்க் குரல் கொடுத்து அதை அலைக்கழிப்பது பார்வையாளருக்காகச் செய்யும் காரியமில்லை.

ரவி_உப்சாலா
மிகைப்படுத்துகிறீர்கள். நல்ல வழிகாட்டி ஓரிரு முறை கூப்பிட்டு, 60 மீட்டரில் நிறுத்திவிடுவார்.

சதுப்புக்காரன்
60 மீட்டரில் நிறுத்த அதற்கு என்ன பிரேக்கா இருக்கிறது? உயரமான மேடையில் இருந்தால் சரி, பேசலாம். தரையில் ஆறு பேரோடு கூடாது. கூப்பிடாமலே செப்டம்பர் மாலைகளில் ஆணின் முனகலும் கொம்பு புதரில் உரசும் சத்தமும் கேட்கும், அதைக் கேட்டு நின்றாலே போதும். கொம்பு பார்க்கவும் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம். ஆகஸ்டிலேயே முழு அளவுக்கு வளர்ந்திருக்கும், மாத முடிவில் கொம்பை மூடியிருக்கும் வெல்வெட் தோல் உரியத் தொடங்கும்.

ஒஸ்லோ மாறன்
இதிலை நான் சதுப்புக்காரன் பக்கம்தான். இன்னொண்டும் இருக்கு. நீங்கள் போற வெஸ்ட்மன்லாந்து, எரெப்ரூ மாவட்டங்கள் பக்கம் மூஸ் வேட்டை அக்டோபர் இரண்டாவது திங்களிலை தொடங்கும், வடக்குச் சுவீடனிலை செப்டம்பர் முதல் திங்களிலையே தொடங்கிடும். அந்த முதல் கிழமையிலை நடை வைக்கிற ஆக்கள் தப்பான ஆக்கள். துவக்குச் சத்தம் கேட்ட காட்டிலை மூஸும் வெளிக்கிடாது.

சுவீடனிலை எவரும் காட்டிலை நடக்கலாம் எண்ட பொது உரிமை இருக்கு, வீட்டு வளவுக்கும் விளைஞ்ச வயலுக்கும் மட்டும் போகேலாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு குழு குழுவாக் கூட்டிக்கொண்டு போறவர் காணிக்காரரோடையும் வேட்டைக் குழுவோடையும் கதைச்சிருக்க வேணும். மாலிங்ஸ்பூ-க்ளூட்டன் மாதிரிக் காப்பகமெண்டால் அதுக்கெண்டு தனி விதிகள் இருக்கு. முற்பணம் கட்ட முதல் கேளுங்கோ.

வடகாடு
உடை, உண்ணி விஷயம்?

ரவி_உப்சாலா
இதில் எனக்குக் கொஞ்சம் தெரியும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உள்ளே கம்பளிக் காலுறை. சதுப்பில் பளிச்சென்ற பச்சைப் பாசியை மிதிக்காதீர்கள், அடியில் ஆழம் இருக்கும். குத்துச்செடியும் குட்டைப் பைனும் நிற்கும் திட்டுகளில் கால் வையுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மழை ஜாக்கெட் பையில் இருக்கட்டும். மேலே போட்டு நடந்தால் சரசரக்கும். கம்பளி அல்லது ஃபிளீஸ் சத்தம் போடாது. பகலில் 20 டிகிரி இருந்தாலும் ஒன்பது மணிக்கு 8, 10க்கு இறங்கும், ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும்போது அது பனிக்காலம்தான். உட்கார ஒரு நுரைப் பாய்த் துண்டு ஆளுக்கு ஒன்று.

உண்ணி: கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். திரும்பியதும் முழங்கால் பின்புறம், தொடையிடுக்கு, அக்குள் பாருங்கள், பிள்ளைகளுக்குத் தலைமயிர்க் கோடும். உண்ணி மூலம் பரவும் மூளைக்காய்ச்சலுக்கு அங்கே தடுப்பூசி உண்டு, ஆனால் முதல் இரண்டு ஊசிகளுக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி தேவை. போடுவதானால் வசந்தத்திலேயே தொடங்குங்கள்.

ஆகஸ்டிலிருந்து மூஸ் ஈ என்று ஒன்று வரும். தட்டையாக இருக்கும், பறந்து வந்து உட்கார்ந்ததும் சிறகை உதிர்த்துவிட்டுத் தலைமயிருக்குள் ஊர்ந்து போகும். தட்டினால் சாகாது, நகத்தால் நசுக்க வேண்டும். மூஸ் என்று நினைத்துத்தான் மனிதர்மேல் உட்காருகிறது, கடிப்பது அரிது. தொப்பியும் இறுக்கமான கழுத்துப்பட்டையும் போதும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் யாராவது அலறி அந்த மாலையே போய்விடும்.

வடகாடு
9 வயதுப் பிள்ளை மூன்று மணி நேரம் தாங்குமா?

சதுப்புக்காரன்
நடப்பதில் சிக்கல் இருக்காது, உட்காருவதில்தான். பிள்ளைகள் உள்ள குழுவை அருகிலுள்ள இடத்துக்கு, வண்டியிலிருந்து அரை மணி நேர நடையில் வையுங்கள். உட்காரும் நேரத்தை 40 நிமிடமாகக் குறையுங்கள். அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு தொலைநோக்கியும், ஃபயர்வீட் பஞ்சு விட்டுக் காற்றுப் பார்க்கும் வேலையும் கொடுங்கள். சரசரக்கும் பொட்டலத் தின்பண்டம் வேண்டாம், வீட்டிலேயே துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

கண்ணாடிக்காரர்
திரும்பி வரும்போது தலைவிளக்கைச் சிவப்பில் வைத்து, தரையைப் பார்த்தபடி எரியுங்கள். முன்னால் போகிறவருக்கும் கடைசி ஆளுக்கும் மட்டும் போதும். ஆறு பேரும் எரித்தால் யாருக்கும் இருட்டில் கண் பழகாது.

அகிலா_டொரான்டோ
எல்லோரும் மறந்த ஒன்று: அந்த இரவில் மிகப் பெரிய ஆபத்து காட்டில் இல்லை, விடுதிக்குத் திரும்பும் சாலையில். மூஸின் கால் நீளம். கார் காலில் மோதினால் உடல் முழுதும் முன்கண்ணாடி மேல் விழும். அந்தியிலும் விடியலிலும்தான் இது அதிகம் நடக்கிறது. வேலி போட்ட சாலையில் வேலி முடியும் இடம் மோசமான இடம். 70 என்று பலகை இருந்தாலும் 50, 60ல் போங்கள். குறுக்கே வந்தால் முழு பிரேக். திருப்பியே ஆக வேண்டுமென்றால் அதன் பின்பக்கமாகத் திருப்புங்கள், அது முன்னோக்கித்தான் போகும். ஒன்று கடந்தால் இரண்டாவது வருமென்று காத்திருங்கள். மோதிவிட்டால் 112. இடத்தை அடையாளமிட்டுக் காவல்துறைக்குச் சொல்வது சுவீடனில் சட்டக் கடமை, விலங்கு காட்டுக்குள் ஓடிவிட்டாலும்.

வடகாடு
குறித்துக்கொண்டேன் அக்கா. ஒரு மாலைதான் கையில் இருக்கிறது. பார்க்க முடியாமல் போனால்?

சதுப்புக்காரன்
ஒரு மாலை மட்டும் என்றால் போகாமலும் இருக்கலாம், அல்லது ஒன்றும் தெரியாமல் திரும்பச் சம்மதித்துப் போகலாம். இரண்டு மாலை ஒதுக்குங்கள், வெவ்வேறு இடம். "உறுதியாகக் காட்டுவோம்" என்று விளம்பரம் போட்டிருந்தால் விவரம் கேளுங்கள். வேலிக்குள் கூட்டிப்போவார்கள், இல்லாவிட்டால் உப்புக்கட்டி வைத்துப் பழக்கிய இடமாக இருக்கும்.

வடகாடு
இரண்டாவது மாலைக்கு விடுதியில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். குழுவை ஆறு ஆறாகப் பிரிப்பது உறுதி.

ஒஸ்லோ மாறன்
பிரிக்கேக்கை குறட்டை விடுற ஆக்களை ஒரே குழுவிலை போடுங்கோ. சிரிக்காதேங்கோ, நுரைப் பாயிலை குந்திக்கொண்டு நித்திரையாப் போறது வழக்கம்.